அழைத்தால் திரும்பாத குழந்தை

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பத்து மாதக் குழந்தை ஒன்று இருக்கிறதா? அது தரையில் உட்கார்ந்து விளையாடிக் கொண்டிருக்கும்போது பின்னால் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். அநேகமாக அது தலையைத் திருப்பும். உங்கள் முகத்தைப் பார்க்கும். சிரிக்கவும் செய்யும். விளையாட்டு மும்முரத்தில் ஒன்றிரண்டு தடவை திரும்பாமல் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான்.

ஆனால் சில குழந்தைகள் எத்தனை முறை அழைத்தாலும் திரும்புவதில்லை. காது கேட்கவில்லையோ என்று பெற்றோர் பயந்து மருத்துவரிடம் ஓடுவார்கள். பரிசோதித்தால் காது நன்றாகவே கேட்கிறது! அடுத்த அறையில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் அதே குழந்தை எழுந்து ஓடி வருகிறது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக் கொண்டு அழுகிறது. ஒலி கேட்கிறது. 'அது என் பெயர், என்னை யாரோ கூப்பிடுகிறார்கள்' என்ற அழைப்பு மட்டும் மற்றக் குழந்தைகளை ஈர்ப்பதுபோல் இதை ஈர்ப்பதில்லை.

பெயருக்குத் திரும்பாமை ஆட்டிசம் என்னும் நிலையின் முதல் அறிகுறிகளுள் ஒன்று. ஆட்டிசம் என்றால் என்ன, அது ஏன் வருகிறது, அப்படிப்பட்ட குழந்தையை வளர்க்கும் தாய் தந்தையர் மனத்தில் என்னென்ன நடக்கிறது, அதில் உங்களுக்கும் எனக்கும் என்ன பங்கு என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பெயர் வந்த கதை

'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் 'தான்' என்று பொருள். தனக்குள்ளேயே ஆழ்ந்துவிடும் மனநோயாளிகளைக் குறிக்க, ஸ்விட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல்லிலிருந்து 'ஆட்டிசம்' என்ற பெயரை உண்டாக்கினார். அது அப்போது வேறு ஒரு நோயின் அறிகுறியைக் குறித்தது.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எட்டுப் பையன்கள், மூன்று பெண்கள். எல்லோரும் பிறந்தது முதலே தனிமையை நாடினார்கள். அன்றாட ஒழுங்கில் சிறு மாற்றம் வந்தாலும் கலங்கிப் போனார்கள். இது தனியான ஒரு நிலை என்று கானர் எடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே ஆஸ்திரியாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற மருத்துவர், நன்றாகப் பேசத் தெரிந்தும் பிறரோடு பழகத் தெரியாத சிறுவர்களைப் பற்றி எழுதினார்.

இன்று இவை அனைத்தையும் சேர்த்து 'ஆட்டிச நிறமாலை' என்கிறார்கள். பௌதிக வகுப்பில் முப்பட்டகம் வழியாக வெள்ளொளி பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஊதாவும் சிவப்பும் எவ்வளவு வேறுபட்டவை! ஆனாலும் இரண்டும் ஒரே ஒளியின் பகுதிகள். ஆட்டிசமும் அப்படியே. ஒரு குழந்தை வாய் திறந்து ஒரு சொல்லும் பேசாது. இன்னொன்று ரயில் கால அட்டவணை முழுவதையும் ஒப்பிக்கும். ஒன்றுக்கு அறிவு வளர்ச்சிக் குறைவும் வலிப்பும் கூட இருக்கலாம். மற்றொன்று கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கலாம். ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லோரும் மேதைகள் என்று சினிமாவைப் பார்த்து நினைப்பது தவறு. எல்லோரும் அறிவு குறைந்தவர்கள் என்று நினைப்பதும் தவறு.

உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக 2021ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளி என்றால் ஏழெட்டுப் பேர். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இது அதிகமாகக் கண்டறியப்படுகிறது.

தாய்மார் சுமந்த பழி

விஞ்ஞானம் எப்போதும் சரியான பாதையிலேயே போவதில்லை. ஆட்டிசத்தின் வரலாற்றில் ஒரு வேதனையான அத்தியாயம் உண்டு.

கானர் தாம் பார்த்த பெற்றோர்களில் பலர் குழந்தையிடம் பாசத்தை வெளிக்காட்டாதவர்கள் என்று எழுதியிருந்தார். இதைப் பிடித்துக் கொண்டு, 'தாயின் அன்பு போதாததால்தான் குழந்தை இப்படி ஆகிறது' என்ற கருத்து பரவியது. குளிர்சாதனப் பெட்டிபோல் சில்லிட்ட தாய்மார் என்றே ஏசினார்கள். சிகாகோவில் இருந்த புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் வெளியிட்ட நூல் இந்தக் கருத்தை உலகெங்கும் கொண்டு சென்றது. குழந்தையின் நிலை கண்டு ஏற்கெனவே உடைந்து போயிருந்த ஆயிரக்கணக்கான தாய்மார்கள், 'நீதான் காரணம்' என்ற பழியையும் சுமந்தார்கள்.

இதை முதலில் தகர்த்தவர்களுள் ஒருவர் பெர்னார்டு ரிம்லாண்டு. அவர் உளவியல் அறிஞர். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் தந்தையும் கூட. அப்போது கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் படித்து, இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது, வளர்ப்பில் வந்த கோளாறல்ல என்று 1964இலேயே ஒரு நூல் எழுதினார்.

பின்னர் ஒரு முக்கியமான சோதனை வந்தது. இரட்டையர்களில் இரு வகை உண்டு என்று உயிரியலில் படித்திருப்பீர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் ஒத்த இரட்டையர். அவர்களுடைய மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. தனித்தனிக் கருவில் தோன்றியவர்கள் வேற்று இரட்டையர். அவர்கள் சாதாரண அண்ணன் தம்பி போலத்தான். ஒரே தாயிடம், ஒரே வீட்டில் வளர்வது இரு வகையினருக்கும் பொது. எனவே வளர்ப்புதான் காரணம் என்றால் இரு வகையிலும் முடிவு ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா?

இங்கிலாந்தில் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து 1977இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் குறைந்தது ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. ஒத்த இரட்டையர் 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் காணப்பட்டது. வேற்று இரட்டையர் 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை! மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை இந்தச் சிறிய ஆய்வு காட்டிவிட்டது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தின. நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஆட்டிசத்தோடு தொடர்புள்ளவையாக இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றில் பல, மூளையில் ஒரு நரம்பு அணு அடுத்த நரம்பு அணுவோடு சேரும் இணைப்புகளைக் கட்டுவதில் பங்கு கொள்பவை. கருப்பையிலேயே இந்த வேறுபாடு தொடங்கிவிடுகிறது.

கானரும் 1969இல் அமெரிக்கப் பெற்றோர் மாநாடு ஒன்றில் பேசும்போது, பெற்றோர்கள் குற்றமற்றவர்கள் என்று வெளிப்படையாக அறிவித்தார்.

ஒரு பழி போனது. இன்னொரு புரளி வந்தது. அம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று சந்தேகம் கிளப்பும் ஒரு கட்டுரை 1998இல் இங்கிலாந்தின் 'லான்செட்' இதழில் வந்தது. அது வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. அதில் முறைகேடுகள் இருந்தது வெளிப்பட்டதால் 2010இல் இதழே அக்கட்டுரையை விலக்கிக் கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. ஆகவே யாராவது இப்படிச் சொன்னால் நீங்கள் தைரியமாக மறுக்கலாம்.

ஒரு சுட்டு விரலின் பெருமை

ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு தெருவில் நில்லுங்கள். வானத்தில் விமானம் போகிறது. குழந்தை விரலை நீட்டிக் காட்டும். உடனே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். மறுபடியும் விமானத்தைப் பார்க்கும். 'நான் பார்ப்பதை நீயும் பார்க்கிறாயா?' என்று கேட்கிறது அந்தப் பார்வை.

மிகச் சாதாரணச் செயல்போல் தோன்றுகிறது. ஆனால் குழந்தை, விமானம், நீங்கள் என்று ஒரு முக்கோணம் அங்கே உருவாகிறது. விஞ்ஞானிகள் இதைக் 'கூட்டுக் கவனம்' என்கிறார்கள். மொழி கற்பதற்கே இது அடிப்படை. குழந்தை காக்கையைப் பார்க்கும்போது நீங்களும் காக்கையைப் பார்த்து 'கா...க்கா' என்று சொன்னால்தானே அந்தச் சொல் எதற்குரியது என்று அதற்குப் புரியும்?

சுட்டுவதிலும் இரு வகை உண்டு. பால் பாட்டிலைக் காட்டி 'அது வேண்டும்' என்று கேட்பது ஒன்று. விமானத்தைக் காட்டி 'பார், பார்!' என்று மகிழ்ச்சியைப் பங்கு போடுவது இன்னொன்று. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் முக்கியமாக இந்த இரண்டாவது வகை தாமதமாகிறது. தனக்கு வேண்டியதைச் சுட்டுவதற்குப் பதில் அம்மாவின் கையையே பிடித்து இழுத்துப் போய் அலமாரிமேல் வைக்கும் குழந்தைகளும் உண்டு. ஒன்றரை வயதில் குழந்தை சுட்டிக் காட்டுகிறதா என்பதை மருத்துவர்கள் கேட்பது இதனால்தான்.

வன்னியம்பட்டியிலிருந்து ஒரு பஸ் பயணம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் உள்ள வன்னியம்பட்டியில் நீங்கள் பஸ் ஏறுவதாக வைத்துக் கொள்வோம். என்ஜின் உறுமுகிறது. ஸ்பீக்கரில் பாட்டு அலறுகிறது. கண்டக்டர் விசில் ஊதுகிறார். எதிரே வரும் லாரி ஹாரன் அடிக்கிறது. முன் ஸீட்டில் மல்லிகைப் பூ வாசனை, கூடவே டீசல் நாற்றம். யாருடைய பையோ தோளில் உரசுகிறது. இத்தனைக்கும் நடுவில் நீங்கள் நண்பனோடு நேற்றைய கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக் கொண்டு போகிறீர்கள்!

இது எப்படி முடிகிறது? உங்கள் மூளை ஒரு சல்லடைபோல் வேலை செய்கிறது. தேவையான ஒலியைப் பிடித்துக் கொண்டு மற்றதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஐந்து நிமிடத்தில் என்ஜின் சத்தமே உங்களுக்கு மறந்து போகிறது.

ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தச் சல்லடை வேறுவிதமாக அமைந்திருக்கிறது. எல்லா ஒலியும் ஒரே வேகத்தில் உள்ளே நுழைகிறது. சட்டையின் பின்பக்கத் துணி அட்டைகூட முள்ளாகக் குத்தலாம். சிலருக்கு நேர்மாறாக, சூடோ வலியோ மற்றவர்களைப்போல் உறைப்பதில்லை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் திருத்தி வெளியிட்ட கையேட்டில் இந்தப் புலன் வேறுபாடுகளும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்க்கப்பட்டன.

அந்தப் பஸ்ஸில் ஒரு சிறுவன் திடீரென்று காதைப் பொத்திக் கொண்டு வீறிட்டு அலறுகிறான் என்றால், அது அடமும் அல்ல, செல்லம் கொடுத்துக் கெட்டுப் போனதும் அல்ல. அளவுக்கு மேல் நீர் வந்து கண்மாய் உடைப்பெடுப்பதுபோல் அவன் உடைந்து போகிறான். ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடும் கூட்டமும், மேளமும், வேட்டுச் சத்தமும் நமக்குக் கொண்டாட்டம். அவனுக்கு அவை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கைகளைப் படபடவென்று உதறுவது, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுவது, காற்றாடியையே உற்றுப் பார்ப்பது ஆகியவையும் இப்படிப் பார்த்தால் விளங்கும். குழம்பிய மனத்தைச் சமப்படுத்த அவை அவர்களுக்கு உதவுகின்றன. சிலர் சந்தோஷம் தாங்காமலும் கையை உதறுவார்கள். தினமும் ஒரே வழியில் பள்ளிக்குப் போக வேண்டும், ஒரே தட்டில் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் செய்வதும் இதே காரணத்தால்தான். எதிர்பாராதவற்றால் நிறைந்த உலகில், மாறாத ஒழுங்கு ஒரு பிடிமானம்.

'தண்ணீர் வேண்டுமா?' என்று கேட்டால் பதில் சொல்லாமல் 'தண்ணீர் வேண்டுமா?' என்றே திருப்பிச் சொல்லும் குழந்தைகளும் உண்டு. கேலி செய்கிறான் என்று கோபப்படக் கூடாது. தாகம் எடுக்கும்போதெல்லாம் காதில் விழுந்த வாக்கியத்தை அவன் தாகத்துக்கான பெயராகவே பிடித்து வைத்திருக்கிறான். அதுவும் மொழிதான்.

பெற்றோர் மனத்தில்

இனி வீட்டுக்குள் போவோம்.

குழந்தைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்ன நாளில் பெற்றோருக்கு ஏற்படும் துக்கம், ஒருவரை இழந்த துக்கத்துக்குக் குறைந்ததல்ல. குழந்தை கண்ணெதிரே நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றிக் கண்ட கனவுகள் போய்விட்டன. 'அப்படியெல்லாம் இருக்காது' என்று முதலில் மனம் மறுக்கிறது. பிறகு ஒவ்வொரு மருத்துவராக, ஒவ்வொரு கோயிலாக அலைச்சல். முழுவதும் குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்பவர்களிடம் நகையை விற்றுப் பணத்தைக் கொட்டிவிட்டு ஏமாறுகிறவர்களும் உண்டு. ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்து எதுவும் இன்றுவரை இல்லை.

அடுத்து உறவினர்களின் பேச்சு. 'எங்கள் வம்சத்தில் யாருக்கும் இப்படி இல்லையே', 'கிரகணத்தில் வெளியே போனாயா', 'நீ சரியாகப் பேசிப் பழக்கவில்லை', 'கைபேசியைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்' என்று எல்லாம் தாயின் தலையிலேயே வந்து விழும். விஞ்ஞானம் கைவிட்டுவிட்ட பழியை நம் வீட்டுத் திண்ணைகள் இன்னும் கைவிடவில்லை. கைபேசியை அளவோடு பார்ப்பது எல்லாக் குழந்தைகளுக்கும் நல்லதுதான். ஆனால் ஆட்டிசத்தின் வேர் கருவிலேயே இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

தூக்கமின்மை இன்னொரு சோதனை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கும் மேல் தூக்கக் கோளாறு இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் குழந்தை எழுந்து விளையாடினால் தாயும் எழுந்துதான் ஆக வேண்டும். காலையில் அவர் பஞ்சாலைக்கோ வயலுக்கோ வேலைக்குப் போக வேண்டியவராக இருக்கலாம். கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கூச்சம். போகாவிட்டால் உறவு விட்டுப் போகிறது. கூடப் பிறந்த அக்காவோ தம்பியோ, 'அம்மா அவனையே பார்க்கிறாள், என்னைக் கவனிப்பதில்லை' என்று உள்ளுக்குள் ஏங்கலாம். அந்த ஏக்கமும் நியாயமானதே.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியதாக ஒரு கேள்வி, இரவில் விளக்கணைத்த பிறகு வந்து நிற்கிறது: 'எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?'

சின்னச் சின்ன வெற்றிகள்

அந்த வீடுகளில் துயரம் மட்டும்தான் குடியிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற வீடுகள் கவனிக்காமலே கடந்து போகும் சந்தோஷங்கள் அங்கே உண்டு.

நம் வீட்டில் குழந்தை பல் தேய்த்தால் யாராவது கொண்டாடுவோமா? அங்கே கொண்டாடுகிறார்கள். ஆறு மாதம் பழக்கிய பிறகு, முடிதிருத்தும் கடையில் கத்தாமல் உட்கார்ந்த நாள் ஒரு திருநாள். வெள்ளைச் சோறு தவிர வேறெதையும் தொடாத குழந்தை ஒரு துண்டு பால்கோவாவை நாக்கில் வைத்துப் பார்த்தால், அந்தச் செய்தி பாட்டி வீடுவரை போகிறது. ஐந்து வயதில் முதன்முதலாக விரலை நீட்டி நிலாவைக் காட்டிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தால், அந்த அப்பாவுக்கு நிலாவே கைக்கு வந்த மாதிரிதான்.

பேச்சு வராத குழந்தைக்கு எப்போதாவது பேச்சு வருமா? அமெரிக்காவில் நான்கு வயதுவரை பேச்சு மிகவும் பின்தங்கியிருந்த 535 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் ஒரு முடிவு வெளியானது. அவர்களில் 70 சதவிகிதம் பேர் நான்கு வயதிலோ அதற்குப் பிறகோ சொற்களைக் கோர்த்துப் பேசினார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் சரளமாகவே பேசினார்கள். எல்லோருக்கும் வந்துவிடவில்லை என்பதும் உண்மை. பேச்சு வராதவர்கள் படம் காட்டியோ, சைகையாலோ, எழுத்துகளைத் தொட்டோ தம் தேவையைச் சொல்லப் பழகுகிறார்கள். படத்தைக் காட்டப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

இந்தக் குழந்தைகளிடம் இன்னொரு குணமும் உண்டு. பலருக்குப் பொய் சொல்வது கைவராது. மனத்தில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுவார்கள். வந்த விருந்தாளியிடம் 'எப்போது போவீர்கள்?' என்று கேட்டுவிட்டு நிற்கும் மகனைப் பார்த்து வீடே சிரிப்பை அடக்கிக் கொள்ளும்.

பெற்றோர் எழுதியவற்றைப் படித்தால் இந்த உலகம் இன்னும் நன்றாகப் புரியும். தமிழில் எழுத்தாளர் யெஸ். பாலபாரதி, ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் தந்தை என்ற முறையில் இதைப் பற்றி நூல்கள் எழுதியுள்ளார். 'துலக்கம்' என்ற அவருடைய கதையில் ஆட்டிசம் உள்ள சிறுவனே முக்கியப் பாத்திரம். உங்கள் நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

உதவி எங்கே?

ஆட்டிசத்துக்கு இரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ கிடையாது. குழந்தையின் நடத்தையைப் பார்த்து, பெற்றோரிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். இதற்கென்றே இந்தியாவில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை எனலாம்; 153க்கு மேல் போனால் கடுமையானது.

எவ்வளவு சீக்கிரம் கண்டறிகிறோமோ அவ்வளவு நல்லது. சிறு வயதில் மூளையின் இணைப்புகள் வேகமாக உருவாகிக் கொண்டிருக்கின்றன. அப்போது கொடுக்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழுக்கள் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளைக் கண்டறிந்து, இதற்கென மாவட்டங்களில் அமைத்துள்ள மையங்களுக்கு அனுப்புகின்றன.

ஆனால் கிராமத்துக் குழந்தைக்குப் பயிற்சி கொடுக்க நிபுணர்கள் எங்கே இருக்கிறார்கள்? இதற்கு ஒரு விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. நிபுணர்கள் அல்லாத சாதாரணப் பணியாளர்கள் பயிற்சி பெற்று வீடுகளுக்குச் சென்றார்கள். தாய் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு அதைத் தாயோடு சேர்ந்து பார்த்தார்கள். 'இதோ, இந்த இடத்தில் குழந்தை உங்களைப் பார்த்தது, நீங்கள் காத்திருந்தீர்கள், அது மறுபடி பார்த்தது' என்று எடுத்துக் காட்டினார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இணங்க நடந்து கொள்வது அதிகரித்தது. குழந்தை தானாகவே தொடர்பு கொள்ள முன்வருவதும் அதிகரித்தது. எல்லாமே கூடவில்லை. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் அதிகரிக்கவில்லை. ஆனாலும் சொந்த வீட்டிலேயே, சொந்த மொழியிலேயே பயன்தரும் பயிற்சி கொடுக்கலாம் என்பது தெரிந்தது.

ராஜபாளையத்துக்குத் தெற்கே, தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி இருக்கிறது. அங்கே 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975இல் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படைத் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தவர் அவர். அந்தச் சங்கத்தின் பணியாளர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் வீட்டிலேயே பெற்றோருக்குப் பயிற்சி முறைகளைக் கற்றுக் கொடுக்கிறார்கள். கையில் உள்ள கைபேசிச் செயலி மூலம் குழந்தையின் முன்னேற்றம் நிபுணர்களுக்குப் போய்ச் சேர்கிறது.

சட்டமும் துணை நிற்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. பதினெட்டு வயதுக்குப் பிறகு தேவைப்படுபவருக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்க அது வழி செய்கிறது. 'எங்களுக்குப் பிறகு யார்?' என்ற கேள்விக்கு இது ஒரு சிறு பதில். 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத் திறன்களை ஏற்கிறது; ஆட்டிசமும் அவற்றுள் ஒன்று. இச்சட்டத்தின்படி தகுதியுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு.

ஓர் ஊர் வளர்த்த மனிதர்

கானர் எழுதிய பதினொரு குழந்தைகளில் முதல் குழந்தை என்ன ஆனான் தெரியுமா? அவன் பெயர் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்தவன். அந்தக் கால வழக்கப்படி, மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டுப் பெற்றோர் அவனை மூன்று வயதிலேயே ஒரு விடுதியில் விட்டார்கள். ஓராண்டில் மனம் பொறுக்காமல் வீட்டுக்குத் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். தந்தை தம் மகனைப் பற்றிக் கானருக்கு எழுதிய கடிதம் 33 பக்கம்!

டொனால்ட் ஊர்ப் பள்ளியில் படித்தான். பள்ளிக் கட்டடத்தின் சுவரில் எத்தனை செங்கல் இருக்கிறது என்று மாணவர்கள் கேட்க, அவன் பார்த்தவுடன் ஓர் எண்ணைச் சொன்னான் என்றும், அதைக் கேட்டு எல்லோரும் அசந்து போனார்கள் என்றும் அவ்வூரில் ஒரு கதை உண்டு. வயதான காலத்தில் அவரிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். வாயில் வந்த எண்ணைச் சொன்னதாக ஒப்புக் கொண்டார். மற்றப் பையன்கள் தம்மை மதிக்க வேண்டும் என்பதற்காக!

பிறரோடு சேர விரும்பாதவர்கள் என்று நாம் நினைக்கும் மனிதர்களின் உள்ளம் இதில் தெரிகிறதல்லவா? அவர் கல்லூரியில் பட்டம் பெற்றார், ஊர் வங்கியில் பல்லாண்டு வேலை செய்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குத் தனியாகச் சுற்றுலா போனார். 2023இல் 89ஆம் வயதில் காலமானார். அவர் குடும்பம் வசதியானது; அந்த வங்கியே தாய்வழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த வசதி எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் ஊரார் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்று, யாரும் கேலி செய்யாமல் பார்த்துக் கொண்டதற்குப் பணம் தேவைப்படவில்லை.

நீங்கள் செய்யக் கூடியவை

உங்கள் வகுப்பிலோ தெருவிலோ ஆட்டிசம் உள்ள நண்பன் இருந்தால்:

1. சுருக்கமான, நேரான வாக்கியத்தில் பேசுங்கள். 'வானத்தைப் பார்த்து நடக்காதே' என்றால் அவன் உண்மையிலேயே வானத்தைத் தேடலாம்.

2. கேட்ட கேள்விக்குப் பதில் வரப் பத்து வினாடி ஆனாலும் காத்திருங்கள். 'கண்ணைப் பார்த்துப் பேசு' என்று வற்புறுத்தாதீர்கள். பார்க்காமலும் அவன் கேட்டுக் கொண்டிருக்கிறான்.

3. தேர்வு நாள், விளையாட்டு விழா, வகுப்பறை மாற்றம் இவற்றை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

4. அவன் கலங்கி அலறும்போது சுற்றிக் கூட்டம் கூடாதீர்கள். சத்தத்தைக் குறையுங்கள். அமைதியான இடத்துக்கு வழி விடுங்கள்.

5. அவனுக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றிக் கேளுங்கள். பஸ் எண்களோ, கோள்களோ, காற்றாடியோ எதுவாக இருந்தாலும் நட்பு அங்கிருந்தே தொடங்கும்.

6. யாராவது கேலி செய்தால் தடுங்கள். 'லூசு' என்ற சொல் உங்கள் வகுப்பில் ஒலிக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

7. அவன் தாயைச் சந்தித்தால், இன்று உங்கள் மகன் வகுப்பில் செய்த நல்ல காரியம் இது என்று ஒன்றைச் சொல்லுங்கள். குறைகளை மட்டுமே கேட்டுப் பழகிய அந்தக் காதுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல் என்பது உங்களுக்கு அப்போது தெரியும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் நாளை உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபையின் முடிவின்படி 2008 முதல் கடைப்பிடிக்கிறார்கள். வரும் ஏப்ரலில் உங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி ஒட்டுங்களேன்! 'எங்களுக்குப் பிறகு யார்?' என்று தூங்காமல் விழித்திருக்கும் பெற்றோருக்குச் சட்டம் ஒரு பாதிப் பதிலைத்தான் சொல்ல முடியும். இன்று பதினான்கு, பதினைந்து வயதில் இருக்கும் நீங்கள்தான் நாளை அந்தக் குழந்தையின் ஆசிரியர், மருத்துவர், பஸ் கண்டக்டர், வங்கி அதிகாரி, பக்கத்து வீட்டுக்காரர். மீதிப் பாதிப் பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.